விரல் அகல அட்டை

ஜனவரி 17, புதன்

இந்த டைரி பேத்தி நிரஞ்சனா கொடுத்தது. எங்கள் வகையறாவிலேயே முதல் இன்ஜினீயர் அவள்தான். ஓசூரில் பெரிய கம்பெனியில் வேலை. இதை முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன்.

பொங்கலுக்கு மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் திருப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். இன்று கிளம்பும்போது நிரஞ்சனா என் நாற்காலியின் கையைத் தட்டி, "அப்பாயி, இதை எனக்குக் குடுத்துருங்க. ஓசூர் வீட்டுக்குக் கொண்டு போறேன். இந்த மெரூன் ரெக்ஸின் மட்டும் வேண்டாம், நீலத் துணி போட்டுக் குடுங்க" என்றாள்.

கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் குஷன் அடித்தவள் நான். எத்தனை ஊர் ஜனங்கள் என் தையல்மேல் உட்கார்ந்து தூங்கி விழுந்து வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பட்டறையில் ஆண்பிள்ளைகளே கோணலாக அடித்துவிட்டு, "பாவாயக்கா, இதைக் கொஞ்சம் நேர் பண்ணிக் குடுங்க" என்று என்னிடம்தான் வருவார்கள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் என்பதை அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை.

"யூட்யூப்ல பாத்தேன் அப்பாயி. பிரிக்கும்போது எது முதல்ல வந்துச்சு, எது அடுத்து வந்துச்சுன்னு எழுதி வச்சுக்கணுமாம். திருப்பிக் கட்டும்போது குழம்பாதாம்" என்று டைரியை நீட்டினாள்.

"அந்த யூட்யூப்பை இங்க கூட்டியா கண்ணு. நான் அதுக்குக் கத்துக்குடுக்கறேன்" என்றேன். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். பிள்ளை கொடுத்தது.

செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "அம்மா சொல்லச் சொன்னாங்க. பழசு மேலயே புதுசு போட்டு அடிச்சுராதீங்களாம். கட்டை தெரியற வரைக்கும் பிரிக்கணுமாம்."

என் மருமகள் தமயந்தி எனக்குக் குஷன் வேலை சொல்லித் தருகிறாள்! பழைய துணிமேல் புதுத் துணி போட்டு அடிப்பது சோம்பேறி செய்கிற வேலை. நான் என்றைக்கு அப்படிச் செய்தேன்? வாசலுக்கு வந்து பார்த்தேன். அவள் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை டெம்போ வரும். நிறைய நாள் இருக்கிறது.


ஜனவரி 18, வியாழன்

காலையில் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு ஆரம்பித்தேன். மார்கழியில் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் குனியக் கூடாது என்றார்கள். அது முடிந்துவிட்டது.

நாற்காலியைக் கவிழ்த்தேன். அடிச் சாக்கைப் பிரித்தேன். ஆணி கிளப்ப என்னிடம் ஒரு கருவி இருக்கிறது. பழைய ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பாம்பு நாக்கு மாதிரிப் பிளந்து, பட்டறை வெல்டர் எனக்கென்றே செய்து கொடுத்தது. ஆணித் தலைக்கு அடியில் நாக்கைக் கொடுத்து மணிக்கட்டைத் திருப்பினால் கட்டையில் காயம் படாமல் ஆணி வெளியே வரும். அறுபத்தொன்பது வயதில் மணிக்கட்டு இன்னும் பேச்சுக் கேட்கிறது.

சாக்குக்குள்ளிருந்து கொட்டியவை: ஒரு ஊக்கு, கடலைத் தோல், நிரஞ்சனா குழந்தையாக இருந்தபோது தொலைத்த கிலுகிலுப்பையின் பிடி, ஒரு கருகமணி.

இந்த நாற்காலியின் கதையையும் எழுதிவிடுகிறேன். எங்கள் முதலாளி ஆபீசுக்குச் சுற்றுகிற நாற்காலி வாங்கியபோது இதை உடைத்து விறகாக்கச் சொன்னார். தேக்கு. நான் கேட்டு வாங்கி, தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். 2001 ஆடி மாதம், பட்டறைக்கு லீவு விட்டிருந்த நாலு நாளில், மீந்துபோன பஸ் ரெக்ஸின் போட்டு நானே அடித்தேன். அன்றிலிருந்து ஒரு சுருக்கம் விழவில்லை. முதுகின் மேல்விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கும். வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

தமயந்திகூடச் சொல்வாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்ததும் அந்த விளிம்பில் விரலை ஓட்டி, "கோடு இன்னும் நேராத்தான் நிக்குதுங்க அத்தை" என்பாள். பாராட்டுவதற்குக் கஞ்சம் இல்லை. ஆனால் ஒரு நாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. மரியாதை.


ஜனவரி 19, வெள்ளி

வெளி முதுகைப் பிரித்தேன். கடைசியாக மூடுவது அதுதான், ஆகையால் முதலில் திறப்பதும் அதுதான்.

கோடு எப்படி நேராக வருகிறது என்பதை நிரஞ்சனாவுக்காக எழுதுகிறேன். துணியைத் தலைகீழாக, உள்பக்கம் வெளியே தெரியும்படி மேல்விளிம்பில் வைக்க வேண்டும். அதன்மேல் விரல் அகலத்துக்கு வெட்டிய கெட்டி அட்டைகளை வரிசையாக வைத்து, அட்டைமேலேயே ஆணி அடிக்க வேண்டும். பிறகு துணியைப் புரட்டிக் கீழே இறக்கினால் ஆணியும் தெரியாது, அட்டையும் தெரியாது. அட்டையின் விளிம்பு எப்படியோ துணியின் விளிம்பும் அப்படி. அட்டை இல்லாமல் அடித்தால் ஆணிக்கு ஆணி துணி தொங்கும்.

அட்டைக்கு நாங்கள் காசு கொடுத்ததில்லை. கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அட்டை, பொங்கல் வாழ்த்து, எது வந்தாலும் ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டி வைப்பேன்.

இன்று விளிம்பிலிருந்து வந்த துண்டுகளில் மஞ்சள் தடவிய மூலைகூட அப்படியே இருக்கிறது. "அவர்களின் திருவளர்ச்செல்வி" என்று ஒன்றில். யார் வீட்டுக் கல்யாணமோ, இப்போது அந்தச் செல்விக்கே பேரன் இருப்பான்.

இரண்டு துண்டுகள் பத்திரிகை அட்டை இல்லை. பழுப்பு நிறம். ஒன்றில் "அசல் சான்றிதழ்களுடன் தவறாது" என்று அச்சடித்திருக்கிறது. இன்னொன்றில் ஊதா மையில் வட்ட முத்திரையின் பாதி. ஏதோ நோட்டீஸ்.

மற்றவற்றை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அந்த இரண்டையும் டைரிக்குள் வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு அடையாளமாக இருக்கட்டும்.


ஜனவரி 20, சனி

கண் உறுத்துகிறது. வேலை செய்யவில்லை.


ஜனவரி 22, திங்கள்

நிரஞ்சனா திருப்பூர் வீட்டிலிருந்து போன் செய்தாள். "எவ்வளவு தூரம் ஆச்சு அப்பாயி?"

"முதுகு ஆச்சு."

பக்கத்தில் யாரோ மெதுவாகப் பேசுகிற சத்தம். "உள்ள என்ன இருந்துச்சுன்னு அம்மா கேக்கறாங்க" என்றாள்.

"நார் இருந்துச்சுன்னு சொல்லு. நாற்காலிக்குள்ள நார் இல்லாம நகையா இருக்கும்?"

பிள்ளை சிரித்தாள். 

பேச்சு வந்துவிட்டதால் அந்த விஷயத்தை எழுதிவிடுகிறேன். நான் மறைக்கிறவள் இல்லை.

தமயந்தி வாத்தியாரம்மாவுக்குப் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பே வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டுக் கார்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் அதே பேச்சு. கார்டு வந்ததும் இன்டர்வியூ, இன்டர்வியூ முடிந்ததும் வேலை. தெருவில் இருப்பவர்கள் வேலை கிடைக்கும் முன்பே "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முப்பது வருஷம் இந்தத் தெருவில் இருந்தவளைப் "பாவாயக்கா" என்பார்கள், நேற்று வந்தவள் "டீச்சர்". எனக்கு அதில் ஒன்றுமில்லை.

2001 ஆவணியில் ஒருநாள், அவளோடு படித்த பெண் ஒருத்தி வந்து, அதே வருஷம் பதிந்தவர்களுக்கெல்லாம் ஆடியிலேயே கார்டு வந்து இன்டர்வியூவும் முடிந்துவிட்டது என்றாள். தமயந்தி தபால்காரர் அங்கமுத்துவிடம் ஓடினாள். அவர், "உங்க வீட்டு ஜன்னல்ல பத்திரிகையோட சேத்து வச்சேன் கண்ணு, உங்க மாமியா உள்ள ஆணி அடிச்சுட்டு இருந்தாங்க, குரல் குடுத்துட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டார். இவள் வந்து என்னைப் பார்த்து, "அத்தை, கார்டை எங்க வச்சீங்க?" என்று கேட்டாள். பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். என் வீட்டில் நின்றுகொண்டு.

நான் நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். தெருவே பின்னால் வந்தது. சூடம் ஏற்றி, "அந்தக் கார்டை நான் கண்ணால பாத்திருந்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். அதற்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஐப்பசியில் அவர்கள் திருப்பூருக்குக் குடி போனார்கள்.

அவ்வளவுதான் விஷயம்.


ஜனவரி 24, புதன்

இடது கையைப் பிரித்தேன். கைக்கு வெளிப்பக்கத்திலும் அட்டை வைத்துத்தான் அடித்திருக்கிறேன். அதே பழுப்பு அட்டையில் ஒரு துண்டு. "மாவட்ட வேலைவாய்ப்பு அலுவல".

அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பிள்ளைகள் பதிந்து வைத்திருந்தார்கள். பட்டறையிலேயே மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் யாராவது பழைய கார்டை என் பைக்குள் போட்டிருக்கலாம்.


ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். தெரு முழுக்கப் போனார்கள். எனக்கு முழங்கால் வலி. கோயிலுக்குப் போகவில்லை.


ஜனவரி 27, சனி

வலது கை, உள் முதுகு, இருக்கை எல்லாம் ஒரே நாளில். எதற்கு இவ்வளவு அவசரம் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். டெம்போ வரும் என்றேன்.

வலது கையில் இரண்டு துண்டுகள். "இடைநிலை ஆசிரியர் பணியிடத்திற்கு". இன்னொன்றில் தேதி. ஆடி மாதத்துத் தேதிதான்.

ஐந்தையும் காலண்டர் அட்டைமேல் வைத்துப் பார்த்தேன். மேலே ஆபீஸ் பெயர். அதன் கீழே ஒரு விரல் அகலத்துக்குக் காலி. பிறகு வேலை, தேதி, சான்றிதழ், முத்திரை. காலியாக இருக்கிற இடத்தில்தான் பெயரும் விலாசமும் இருந்திருக்க வேண்டும்.

அதைத் தேடினேன். ரெக்ஸினை உதறினேன். ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் கழற்றினேன். தேங்காய் நாரைத் தலையில் பேன் பார்க்கிற மாதிரி இழை இழையாகப் பிரித்தேன். ஒன்பது ஸ்பிரிங், ஒரு கூடை நார், டப்பா நிறைய ஆணி. அந்தத் துண்டு இல்லை. நாற்காலி வெறும் கட்டையாக நிற்கிறது.

பெயர் இல்லாத கார்டு யாருடையதாகவும் இருக்கலாம்.

ஐந்தையும் எடுத்துக்கொண்டு வெந்நீர் அடுப்புக்குப் போனேன். நெருப்பு அணைந்திருந்தது. மறுபடி மூட்டலாம். மூட்டவில்லை. மதியம் ரசமும் அப்பளமும்.


ஜனவரி 29, திங்கள்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்டத்தில் ஒரு பலகை வைத்துப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் படித்தேன். "பாட்டி, பொடி எழுத்தெல்லாம் படிக்கறீங்களே" என்றாள் அந்த டாக்டர் பெண். பெருமையாகத்தான் இருந்தது, வெளியே வரும் வரைக்கும்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எனக்குக் கிட்டத்து எழுத்து கலங்கும். பட்டறையில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. கண்ணாடி போட்டால் கோடு பார்க்கக் கண் போதாது என்று நார் பிரிக்கிற வேலைக்கு மாற்றிவிடுவார்கள். கண்ணாடி வாங்கி, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, தனியாக இருக்கும்போது மட்டும் போட்டுக்கொள்வேன். அந்த நாலு நாளும் கண்ணாடி இல்லாமல்தான் நாற்காலி அடித்தேன். ஆகவே சூடத்தின்மேல் நான் சொன்னது பொய் இல்லை. கார்டு என்று தெரிந்து நான் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அங்கமுத்து ஞாபகம் வந்தது. தெரு முனையிலிருந்தே, "பாவாயக்கா, மோர் இருக்கா?" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார். நான் சூடம் அணைத்த பிறகு, கடிதத்தைத் தொலைத்துவிட்டுப் பொம்பளைமேல் பழி போட்டவர் என்று ஊரில் பேசினார்கள். அதற்குப் பிறகு சைக்கிளை விட்டு இறங்காமல் கேட்டுக்கு அடியில் தபாலைத் தள்ளிவிட்டுப் போவார். நானும் மோர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கொரோனா வருஷத்தில் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போகவில்லை. அப்போது யாருமே போகவில்லை.


ஜனவரி 31, புதன்

கட்ட ஆரம்பித்துவிட்டேன். நாடாப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து அடித்து, ஸ்பிரிங்கைச் சணலில் கட்டி, மேலே சாக்கு, நார், பஞ்சு. இருக்கைக்கு நீலத் துணி ஏறிவிட்டது. வாயில் ஆணியைப் போட்டுக்கொண்டு நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி அடித்தேன். பொய்ப்பல் இருந்தாலும் வருகிறது.

திங்கட்கிழமை எழுதியதை இன்று படித்துப் பார்த்தேன். அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

நாற்காலி அடித்த அன்று ஐந்து துண்டு அட்டை குறைந்தது. பை காலி. ஜன்னலில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ. இன்னொன்றைக் கையில் எடுத்தேன். நல்ல கெட்டி. அந்த மாதிரி அட்டை பத்திரிகைக்கு வராது. மூலையைத் தடவிப் பார்த்தேன். எப்போதும் தடவித்தான் பார்ப்பேன், கல்யாணப் பத்திரிகையாக இருந்தால் விரலில் மஞ்சள் ஒட்டும். ஒட்டவில்லை. முத்திரையின் ஊதா நிறம் தெரிந்தது. ஊதா தெரிவதற்குக் கண்ணாடி வேண்டாம்.

அரிசி டின் நாலு அடி தூரத்தில் இருந்தது.

தமயந்தி பின்கட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "தமயந்தி, இது என்னன்னு பாரு" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அவள் ஈரக்கையோடு வந்து, வாங்கி, எனக்குப் படித்துக் காட்டுவாள். டீச்சர்.

கத்தரிக்கோலை எடுத்தேன். ஆறு துண்டு வந்தது.

அது அவளுடைய கார்டு என்று நான் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.


பிப்ரவரி 2, வெள்ளி

வெளி முதுகைத் தவிர எல்லாம் முடிந்தது. அதற்குப் புது அட்டையும் வெட்டி வைத்திருக்கிறேன். மூடவில்லை.


பிப்ரவரி 3, சனி

சாயந்தரம் நிரஞ்சனாவும் தமயந்தியும் வந்தார்கள். மகனுக்கு ஷிப்டு. நிரஞ்சனா நீலத் துணியைப் பார்த்துவிட்டு ஒரு குதி குதித்தாள். "அப்பாயி, கடையில வாங்குனாக்கூட இப்படி வராது!" மொபைலில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் காட்டுவதற்கு ஓடினாள்.

தமயந்தி நாற்காலியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே சாக்கும் கட்டையும் தெரிந்தன.

"முதுகு மூடலீங்களா அத்தை? காலையில டெம்போ வருதுங்களே."

"வரட்டும். நீ உக்காரு."

வழக்கம்போல முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐம்பது வயதாகிவிட்டது அவளுக்கு. இருபது வருஷம் பனியன் கம்பெனியில் நின்றுகொண்டே தைத்த பீஸைச் சரி பார்த்துப் பார்த்து, காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது. அதை இவ்வளவு நாள் நான் சரியாகப் பார்த்ததில்லை.

சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த காலண்டர் அட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். ஐந்து துண்டையும் பசை போட்டு ஒட்டியிருந்தேன்.

"இது உன்னுது. நான்தான் வெட்டுனேன். நான்தான் உள்ள வச்சு அடிச்சேன். பேரு இருக்கற துண்டு மட்டும் கெடைக்கல. கெடைக்காட்டியும் உன்னுதுதான்" என்றேன். இத்தனையும் சொல்ல நேற்றெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். 

அவள் அழுவாள், இல்லாவிட்டால் கத்துவாள் என்று நினைத்தேன். பர்ஸைத் திறந்தாள். நிரஞ்சனாவின் சின்ன வயசுப் போட்டோவுக்குப் பின்னாலிருந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு பழுப்புத் துண்டை எடுத்தாள். காலியாக இருந்த இடத்தில் வைத்தாள்.

"சு. தமயந்தி." கீழே என் வீட்டு விலாசம்.

துல்லியமாகப் பொருந்தியது. நான் வெட்டியது.

"எப்பக் கெடைச்சுது உனக்கு?"

"நீங்க கோயிலுக்குப் போய்ட்டு வந்தீங்கல்ல, அன்னைக்குச் சாயந்தரங்க. கட்டிலுக்கு அடியில கூட்டும்போது ரெக்ஸின் துண்டோட வந்துச்சு. நீங்க கையில வெண்ணெய் தடவிக்கிட்டு இந்தச் சேர்லதான் உக்காந்திருந்தீங்க."

"அன்னைக்கே ஏஞ்சாமி கேக்கல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தேன். பொய் சொல்ல அவசியம் இல்லை. "நீயே வெட்டிப் போட்டுட்டு எம்மேல பழி போடறேன்னு சொல்லியிருப்பேன்."

"அதாங்க கேக்கல" என்று சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். "ஊரு முன்னால சூடம் அணைச்சுட்டீங்க. நான் இதைக் காட்டுனா ஊரு உங்களை என்ன சொல்லும்? அவரு தாங்குவாரா? கிளம்பிறலாம்னு சொன்னேன், கிளம்பிட்டோம். என்னைக்காச்சும் நீங்களே பிரிப்பீங்கன்னு இருந்தேன். நீங்க அடிச்சது கெட்டியா இருந்துச்சு, கிழியவே இல்ல."

ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினாளே. அதை நான் பாராட்டு என்று எழுதியிருக்கிறேன், பதினெட்டாம் தேதியில்.

அவள் என் கையைத் தொட்டாள். கல்யாணமாகி வந்த வருஷத்துக்குப் பிறகு தொட்டதில்லை. "போகட்டும் விடுங்க அத்தை. உங்களுக்குக் கிட்டத்துல எழுத்து தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். அரிசி டின்னுக்குப் பின்னாடி கண்ணாடியப் பாத்திருக்கேன். பத்திரிகைன்னு நெனச்சு வெட்டிட்டீங்க. தெரியாமச் செஞ்சதுதானே."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தலையை ஆட்டியிருந்தால் போதும். அவள் கை என் கைமேல் இருந்தது, சூடு பட்ட அதே உள்ளங்கைமேல்.

"மஞ்சள் இல்ல கண்ணு" என்றேன்.

"என்னங்க?"

"மூலையில மஞ்சள் இல்ல. தடவிப் பாத்தேன். பத்திரிகை இல்லன்னு தெரியும். முத்திரை இருந்ததும் தெரியும். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். உங்கிட்டக் கேக்கணுமான்னு வெட்டிட்டேன்."

அவள் கையை உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தாள். வெளியே நிரஞ்சனா யாரிடமோ, "எங்க அப்பாயி அடிச்சது" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க" என்றாள் தமயந்தி. "தெரியாமத்தான் செஞ்சீங்க, சொல்லத்தான் மனசு வரலன்னு இத்தனை வருஷமும் நெனச்சுட்டு இருந்தேன். அப்படி நெனச்சுத்தான் பொங்கலுக்கு வந்து போய்ட்டு இருந்தேன்."

பெயர்த் துண்டை மட்டும் எடுத்து உறைக்குள் போட்டு, பர்ஸில் வைத்துக்கொண்டாள். மற்ற ஐந்தையும் அட்டையோடு என்னிடமே நீட்டினாள்.

"பேரு மட்டும் என்னுதுங்க."

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.


பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் முதுகை மூடினேன். புதிதாக வெட்டி வைத்திருந்த அட்டைகளைத் தொடவில்லை. துணியை வைத்து வெறுமனே ஆணி அடித்தேன். ஆணிக்கு ஆணி தொங்கியது. நடுவில் ஒரு இடத்தில் நன்றாகவே கோணல்.

எட்டு மணிக்கு டெம்போ வந்தது. நாற்காலியை ஏற்றினார்கள். தமயந்தி கயிறு கட்டுகிறார்களா என்று பார்க்கப் பின்பக்கம் போனாள். பழக்கதோஷத்தில் விளிம்பின்மேல் விரலை ஓட்டினாள். கோணல் வந்த இடத்தில் விரல் நின்றது.

"கோடு கோணலா இருக்குங்க அத்தை."

"தெரியும்."

"பிரிச்சு அடிக்கலீங்களா?"

"இல்ல. இருக்கட்டும்."

அவள் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு முன்னால் ஏறிக்கொண்டாள். நிரஞ்சனா மட்டும் திரும்பித் திரும்பிக் கையாட்டினாள். "டைரியக் குடுங்க அப்பாயி, நான் படிக்கணும்" என்று கேட்டாள். இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

தமயந்தி ஏறும்போது "வர்றேங்க அத்தை" என்றாள். எப்போதும் அதோடு "பொங்கலுக்கு" என்று சேர்த்துச் சொல்வாள்.

நாற்காலி இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருக்கிறது. கூட்டினேன். ஒரு ஆணி கிடந்தது. மறுபடியும் கட்டில் அடியில் எல்லாம் கூட்டினேன். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.